அம்மாவுக்கு டிமென்ஷியா: பழைய பவர் செல்லுமா, அவங்க பேர்ல இருக்கிற மனைய எப்படி விக்கிறது?

மதுரைப்பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க ப்ளீஸ்.

அம்மாவுக்கு 74 வயசு. அல்சைமர்னு நியூராலஜிஸ்ட் சொல்லி சில வருஷம் ஆச்சு. அப்பா இல்ல. குடும்ப பென்ஷன் அம்மா அக்கவுண்ட்ல தான் விழுது ஆனா கையெழுத்து இப்ப ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி போடுறாங்க, சில நாள் இனிஷியலோட நின்னுடுது, பேங்க்ல ஒத்துக்க மாட்டேங்குறாங்க. பகலுக்கு ஒரு ஆள் ராத்திரிக்கு ஒரு ஆள் வச்சு பாத்துக்கறோம், சம்பளம், டயாப்பர், மருந்துன்னு கையில இருக்கறது கரையுது. அம்மா பேர்ல ஒரு மனை இருக்கு, அத வித்து அவங்க செலவுக்கே வச்சுக்கலாம்னு பாத்தோம். நோய் வர்றதுக்கு முன்னாடியே அம்மா என் பேருக்கு பவர் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி ரிஜிஸ்டர் பண்ணி குடுத்திருக்காங்க, அதனால பிரச்சனை வராதுன்னு நெனச்சோம். வாங்க வந்தவரோட வக்கீல், அம்மாவுக்கு இப்படி இருக்குன்னு தெரிஞ்சதும் இந்த பவர் செல்லாதுன்னு சொல்லிட்டார்.

தம்பி என்ன சொல்றான்னா, அம்மாவ ஒருநாள் கார்ல கூட்டிட்டு போய் கைநாட்டு வச்சு நம்ம ரெண்டு பேர் பேருக்கும் தான செட்டில்மெண்ட் போட்டுக்கலாம்கா, அப்புறம் வித்துக்கலாம்ங்கறான். அவன் கெட்டவன் இல்ல, அவனும் தான் செலவு பண்றான். ஆனா அம்மாவுக்கு எங்க போறோம்னே தெரியாம கூட்டிட்டு போய் விரல பிடிச்சு அமுக்கறதுக்கு எனக்கு மனசு ஒப்பல. சட்டப்படி வேற வழி இருக்கா?

---

கும்பகோணம்_வக்கீல்

வாங்குறவரோட வக்கீல் சொன்னது சரி தாங்க. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் 201வது பிரிவு, பவர் எழுதிக் குடுத்தவர் இறந்துட்டாலோ சித்த சுவாதீனம் இல்லாம போயிட்டாலோ அந்த ஏஜென்சி, அதாவது அவங்க சார்பா செயல்படுற அதிகாரம், முடிஞ்சது. உயிரோட இருக்காங்களேன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, அவங்களுக்கு நெனவு இருக்கணும், நீங்க என்ன பண்றீங்கன்னு கேட்டு வேணாம்னா ரத்து பண்ணுற நிலையில இருக்கணும், அதுல தான் பவரே நிக்குது. கொடும என்னன்னா எந்த காலத்துக்காக யோசிச்சு அம்மா அத எழுதி வச்சாங்களோ அந்த காலம் வந்ததும் அது உதவாம போகுது. சில நாடுகள்ல நெனவு போன பிறகும் செல்லுற மாதிரி பவர் எழுதி வைக்கலாம். நம்ம நாட்டுல அதுக்கு இன்னும் சட்டம் வரல.

தம்பி சொல்ற வழிக்கு போகவே போகாதீங்க. அதே சட்டத்துல 12வது பிரிவு, எழுதுற நேரத்துல தான் என்ன எழுதுறோம்னு புரிஞ்சு, அது தனக்கு நல்லதா கெட்டதான்னு யோசிச்சு முடிவு பண்ற தெளிவு இருக்கணும். இல்லன்னா பத்திரம் செல்லாது. இன்னிக்கு ரிஜிஸ்டர் ஆயிடும், நாளைக்கு வாங்குனவர் பேங்க் லோனுக்கு போவார், இல்ல உங்க ரெண்டு பேருக்குள்ளயே ஒரு மனஸ்தாபம் வரும், அன்னிக்கு அந்த நியூராலஜி ஃபைல் தான் முதல் சாட்சியா வந்து நிக்கும்.

---

தாமிரபரணி_கரை

வக்கீல் சார் சொல்றது சட்டம். எங்க பக்கம் எத்தனையோ வீட்டுல வயசானவங்கள தூக்கிட்டு போய் தான் எழுதி வாங்குறாங்க, ஒண்ணும் ஆகலையே. கோர்ட்டுக்கு போனா அம்மா இருக்கற வரைக்கும் முடியாது. செலவு அவங்களுக்கு தான பண்ணப் போறீங்க, இதுல என்ன பாவம் இருக்கு? தம்பிய திட்டாதீங்க, பணம் இல்லாம ஆள் வச்சு பாக்க முடியாது, அது தான் நிஜம்.

---

பத்திரம்_எழுதியவர்

முப்பது வருஷத்துக்கு மேல பத்திரம் எழுதி இப்ப ஓய்வுல இருக்கேன். தாமிரபரணி தம்பி, ஒண்ணும் ஆகலன்னு சொல்றீங்க, ஆனதெல்லாம் உங்க காதுக்கு வரலன்னு தான் நான் சொல்லுவேன்.

அங்க உள்ள என்ன நடக்கும்னு சொல்றேன். வயசானவங்க வந்தா சப்-ரிஜிஸ்ட்ரார் மூணு கேள்வியாவது கேப்பார், உங்க பேரு என்னம்மா, எதுக்கு வந்திருக்கீங்க, யாருக்கு எழுதிக் குடுக்குறீங்க. எனக்கு இன்னும் கண்ணுல நிக்கிற ஒரு அம்மா, வெள்ளச் சேலை, கையில சின்ன சுருக்குப்பை. பேர கேட்டதும் டக்குனு சொல்லிட்டாங்க, அப்பா பேரு ஊரு பேரு எல்லாம் சொன்னாங்க. எதுக்கு வந்தீங்கன்னு கேட்டதும் பக்கத்துல நின்ன மகன் "வீட்ட எனக்கு எழுதத் தான் சார்"ன்னான். அந்த அதிகாரி பேனாவ மூடி வச்சுட்டு "நீங்க வெளிய போங்க, அம்மா கிட்ட நான் பேசிக்கறேன்"னார். மகன் வெளிய போனதும் அந்த அம்மா கேட்டாங்க, "பென்ஷன் இங்க தான தருவீங்க?" பதிவு பண்ண மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டார்.

பதிவுச் சட்டம் 35வது பிரிவுல மனநிலை சரியில்லாதவரா தெரிஞ்சா பதிவ மறுக்கணும்னு இருக்கு. ஆனா எல்லா அதிகாரியும் பேனாவ மூடுறதில்ல. கூட்டம் அதிகமா இருக்கும், டோக்கன் ஓடிட்டே இருக்கும், பேரு சொன்னா போதும்னு போட்டோ எடுத்து ரேகை வாங்கி அனுப்பிடுவாங்க. டிமென்ஷியால பேரும் ஊரும் ரொம்ப நாள் வரைக்கும் வாயில இருக்கும், அது தான் ஆபத்து. பாத்தா தெளிவா இருக்கற மாதிரியே இருக்கும்.

---

செவிலி_அக்கா

நான் முதியோர் மனநலப் பிரிவுல வேல பாத்தவ. ஒரு விஷயம் சொல்லணும், ரெண்டு பக்கமும் தப்பா புரிஞ்சுக்கறாங்க. டிமென்ஷியான்னு டாக்டர் எழுதின அன்னிக்கே அந்த ஆளுக்கு எந்த முடிவும் எடுக்க தெரியாதுன்னு ஆயிடாது. ஆரம்ப கட்டத்துல இருக்கறவங்க எனக்கு இந்த ஆஸ்பத்திரி வேணாம், இந்த நகைய பேத்திக்கு குடுங்கன்னு ரொம்ப தெளிவா சொல்லுவாங்க. எந்த முடிவு, எந்த நேரத்துலங்கறது தான் கேள்வி. பென்ஷன்ல ஆயிரம் ரூபா எடுத்து பேரனுக்கு குடுக்கறது ஒரு முடிவு, ஒரே வீட்ட ஒரு பிள்ளைக்கு மட்டும் எழுதி வைக்கிறது வேற முடிவு, ரெண்டுக்கும் வேண்டிய தெளிவு ஒண்ணு இல்ல.

எம்எம்எஸ்ஈன்னு ஒரு ஞாபக டெஸ்ட்ல 30க்கு இவ்வளவு மார்க் வந்துச்சுன்னு ஒரு பேப்பர வச்சுகிட்டு குடும்பத்துல சண்ட போடுறாங்க. அது நோயோட நிலைய பாக்கறதுக்கான டெஸ்ட், பத்திரம் எழுத தகுதி இருக்கான்னு பாக்கறதுக்கு இல்ல. அதுக்கு டாக்டர் தனியா உக்காந்து உங்க சொத்து என்னென்ன, யார் யாருக்கு உரிமை இருக்கு, இத எழுதிக் குடுத்தா அப்புறம் என்ன ஆகும்னு கேட்டு, அவங்க சொந்த வார்த்தையில சொன்னத அப்படியே எழுதணும். நிறைய பேருக்கு காலைல தெளிவா இருக்கும், சாயங்காலம் ஆக ஆக குழப்பம் ஜாஸ்தியாகும், அதனால காலைல கேக்கணும். கண்ணாடி போட்டுவிட்டு, காது மெஷின் வச்சு, யூரின் இன்ஃபெக்ஷன் இருக்கான்னு பாத்துட்டு கேக்கணும். இன்ஃபெக்ஷன் இருந்தாலே நல்லா இருக்கறவங்க கூட ஒளறுவாங்க, மருந்து குடுத்தா ஓரளவு திரும்பி வந்துடுவாங்க.

மதுரைப்பொண்ணு மேடம், அம்மாவுக்கு இப்ப மனைய பத்தி கேட்டா என்ன சொல்றாங்க?

---

மதுரைப்பொண்ணு

அக்கா, மனைன்னு சொன்னா அவங்க அப்பாவோட வயல் ஞாபகம் வந்துடுது, நாத்து நட்டாச்சான்னு கேக்கறாங்க. அப்பா இறந்ததே சில நாள் ஞாபகம் இல்ல. அதனால புரிஞ்சு எழுதுற நிலை இல்ல, எனக்கு தெளிவா தெரியுது.

---

கோவைக்காரி

எங்க வீட்ல மாமியாருக்கு ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சாங்க, அதனால நாங்க ஒரு விதத்துல தப்பிச்சோமுங்க. டாக்டரே சொன்னாரு, பண்றதெல்லாம் இப்பவே பண்ணிக்கோங்க, ரெண்டு வருஷம் கழிச்சு என்கிட்ட சர்ட்டிபிகேட் கேட்டா தர முடியாதுன்னு. அத்தையே உக்காந்து சொல்ல சொல்ல உயில் எழுதினோம். பேங்க் அக்கவுண்ட்ல என் வீட்டுக்காரர் பேர 'ஐதர் ஆர் சர்வைவர்'னு சேத்தாச்சு. அந்த ஒரு வேல மட்டும் பண்ணாம விட்டிருந்தா இன்னிக்கு பென்ஷன் பணத்துக்கு மதுரை அக்கா மாதிரி நாங்களும் அலைஞ்சிருப்போம்.

உயில் சாட்சிக்கு அவங்கள பாத்துக்கற டாக்டர் ஒருத்தர், பக்கத்து வீட்டு ரிடையர்டு டீச்சர் ஒருத்தர். சொத்து வாங்குற யாரும் அந்த ரூம்ல இல்ல. பெரிய மகளுக்கு கொஞ்சம் கம்மியா எழுதினாங்க, ஏன்னு காரணத்தையும் அத்தையே சொல்லி அதுல எழுத வச்சாங்க (கல்யாணத்தப்பவே அவளுக்கு காட்டுல பங்கு குடுத்தாச்சுன்னு). அது பின்னாடி ரொம்ப உதவுச்சுங்க, நாத்தனார் நோட்டீஸ் விட்டாங்க, எங்க வக்கீல் இத காமிச்சதும் பேசி முடிஞ்சுது.

---

கும்பகோணம்_வக்கீல்

கோவை மேடம் செஞ்சது ரொம்ப சரி. உயில ரிஜிஸ்டர் பண்ணிட்டா அசைக்க முடியாதுன்னு ஒரு நம்பிக்க நம்ம ஊர்ல இருக்கு. உயில் பதிவு கட்டாயமும் இல்ல, பதிவு பண்ணினதாலயே எழுதினவருக்கு தெளிவு இருந்துச்சுன்னு நிரூபணமும் ஆகாது. 1958ல சுப்ரீம் கோர்ட் வெங்கடாசல அய்யங்கார் வழக்குல சொன்னது இன்னிக்கு வரைக்கும் நிக்குது, உயில சுத்தி சந்தேகப்படுற மாதிரி சூழ்நிலை இருந்தா, அந்த சந்தேகத்த போக்குற பொறுப்பு உயில கொண்டு வர்றவரோடது. அதிகம் வாங்குறவரே முன்ன நின்னு எழுத வச்சது, கையெழுத்து நடுங்கறது, காரணமே இல்லாம ஒரு பிள்ளைய ஒதுக்குறது, இதெல்லாம் அந்த மாதிரி சூழ்நிலை.

---

சிங்கைவாசி

இங்க சிங்கப்பூர்ல லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னின்னு இருக்கு, மனத்திறன் சட்டம் 2008ல வந்தது. 21 வயசு ஆனவங்க, தெளிவா இருக்கும்போதே, எனக்கு பின்னாடி நெனவு போனா இன்னார் என் பணத்தையும் உடம்பையும் பாத்துக்கட்டும்னு எழுதி வைக்கலாம். டாக்டரோ வக்கீலோ தனியா பேசி, யாரும் மிரட்டல, இவருக்கு புரியுதுன்னு சான்று குடுத்து கையெழுத்து போடணும், அப்புறம் பொதுக் காப்பாளர் அலுவலகத்துல பதிவு பண்ணணும். எங்க அப்பா போட்டு வச்சதால ஆஸ்பத்திரி, பேங்க் எங்கயும் நாங்க அலையல. ஊர்ல இருக்கற சித்தப்பாவுக்கும் இதே நோய் தான், சித்தி படுற பாட்ட போன்ல கேக்கவே முடியல.

---

மதுரைப்பொண்ணு

எல்லாருக்கும் நன்றி. சார், அப்போ எங்கள மாதிரி நேரம் தாண்டிப் போனவங்களுக்கு எந்த கோர்ட்? இங்க ஒருத்தர் கலெக்டர் ஆபீஸ்ல கார்டியன் சர்ட்டிபிகேட் தருவாங்கன்னார், இன்னொருத்தர் ஹைகோர்ட்னார், ஒண்ணும் புரியல.

---

கும்பகோணம்_வக்கீல்

குழப்பம் உங்களோடது இல்ல, சட்டத்தோடது. கொஞ்சம் பொறுமையா படிங்க.

கலெக்டர் ஆபீஸ்ல தர்றது 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல. அது ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அறிவுசார் குறைபாடு, பல்வகை குறைபாடு இவங்களுக்கு. டிமென்ஷியா அதுல வராது.

முன்னாடி 1987 மனநலச் சட்டம் இருந்தப்போ மாவட்ட நீதிமன்றத்துல மனு போட்டா விசாரிச்சு சொத்துக்கு மேனேஜர் போடுவாங்க, அதுக்கு தனி அத்தியாயமே இருந்துச்சு. 2017ல புது மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்து 2018 மே மாசம் அமலானதும் பழசு போயிடுச்சு. புதுச் சட்டம் நோயாளியோட உரிமைய பாதுகாக்குறதுல எவ்வளவோ மேல, அதுல முன்கூட்டியே எழுதி வைக்கலாம், நியமனப் பிரதிநிதி வச்சுக்கலாம், ஆனா எல்லாம் மனநல சிகிச்சைக்கு மட்டும். சொத்து, பேங்க் பத்தி ஒரு வரி இல்ல. அந்த ஓட்டையில தான் டிமென்ஷியா குடும்பங்க எல்லாம் விழுந்து கிடக்குது. வயசானவங்கள வச்சு எடுத்த லாசி-டாட் ஆய்வு கணக்குப்படி நாட்டுல 60 வயசுக்கு மேல 7.4 சதவீதம் பேருக்கு, கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கு. இவ்வளவு பேருக்கு ஒரு நேரான வழி இல்லங்கறது எனக்கு தாங்க முடியாத விஷயம்.

இப்ப இருக்கறது ரெண்டு வழி. ஒண்ணு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 14வது பிரிவு, மாவட்ட நீதிமன்றம் வரையறுக்கப்பட்ட காப்பாளர் நியமிக்கலாம். இந்த முடிவுக்கு, இந்த காலத்துக்குன்னு அளவு வச்சு குடுப்பாங்க, முடிஞ்ச வரைக்கும் அவங்கள கலந்துகிட்டே முடிவு எடுக்கணும். ரெண்டாவது, ஹைகோர்ட்ல அரசியல் சாசனம் 226வது பிரிவுல ரிட் மனு. 2019ல கேரள ஹைகோர்ட் கோமாவுல இருக்கறவங்களுக்கு காப்பாளர் போடுறதுக்கு வழிமுறையே வகுத்துச்சு, மெடிக்கல் போர்டு பாக்கணும், வருவாய்த்துறை வீட்டுக்கு வந்து விசாரிக்கணும், காப்பாளரா வர்றவர் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கணக்கு குடுக்கணும். 2024 மே மாசம் நம்ம சென்னை ஹைகோர்ட்ல, கோமாவுல இருந்த கணவருக்காக மனைவி போட்ட மனுவ தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்கு போங்கன்னு தள்ளினார், அப்பீல்ல ரெண்டு நீதிபதிகள் அமர்வு மனைவியையே காப்பாளராக்கி சொத்த விக்கவும் அனுமதிச்சு, 50 லட்சத்த கணவர் பேர்ல டெபாசிட் போடணும்னு சொல்லுச்சு.

உங்க கேஸ் கோமா இல்ல, அதனால மெடிக்கல் ரிப்போர்ட் இன்னும் வலுவா வேணும். தம்பியோட நோ-அப்ஜெக்ஷன் அஃபிடவிட் (ஆட்சேபணை இல்லன்னு பிரமாணப் பத்திரம்) வாங்கிடுங்க, பாதி வேல அதுலயே முடிஞ்சுடும். அம்மாவோட மாசச் செலவு கணக்கு, ஆளுங்க சம்பள ரசீது, மனையோட கைடுலைன் மதிப்பு, வித்த பணம் எந்த டெபாசிட்டுக்கு போகும், இதெல்லாம் மனுவுலயே எழுதுங்க. நீதிபதி தேடுறது ஒண்ணே ஒண்ணு தான், இந்த பணம் அந்த அம்மாவுக்கு போகுமா போகாதான்னு.

---

வைகை_மணல்

இத படிச்சுட்டு சும்மா போக முடியல. எங்க அப்பாவுக்கு மறதி முத்தின பிறகு அண்ணன் அவரோட வீட்ட தன் பேருக்கு செட்டில்மெண்ட் பண்ணிட்டான், ஈசி (வில்லங்கச் சான்று) போட்டு பாத்தப்ப தான் எங்களுக்கே தெரிஞ்சுது. இப்ப அப்பா என் வீட்ல இருக்கார், அண்ணன் எட்டிக் கூட பாக்கறதில்ல. ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) கிட்ட மனு குடுத்தா ரத்து பண்ணுவாங்கன்னு சொல்றாங்க, உண்மையா?

---

கும்பகோணம்_வக்கீல்

2007 மூத்த குடிமக்கள் சட்டம் 23வது பிரிவு தான் அது. பாத்துக்கணும்ங்கற நிபந்தனையோட எழுதிக் குடுத்து, அப்புறம் பாக்கலன்னா ஆர்டிஓ தலைமையில இருக்கற தீர்ப்பாயம் ரத்து பண்ணலாம். பத்திரத்துல நிபந்தனை எழுதியிருக்கணுமாங்கறதுல தான் இழுபறி. 2022ல சுப்ரீம் கோர்ட் நிபந்தனை இருந்துச்சுன்னு காட்டணும்னுச்சு, 2025 ஜனவரில அதே கோர்ட் இந்த சட்டத்த தாராளமா பாக்கணும்னுச்சு, அதே வருஷம் சென்னை ஹைகோர்ட் அன்பு பாசத்தால எழுதுனதுலயே பாத்துப்பாங்கங்கற நிபந்தனை உள்ள இருக்குன்னு சொல்லிச்சு. அதனால ஆர்டிஓ வழி இன்னிக்கு முன்னவிட பலமா இருக்கு.

ஆனா உங்க அப்பா விஷயத்துல ஆர்டிஓ மனுவோட நிறுத்தாதீங்க. எழுதுறப்பவே தெளிவு இல்லங்கறது தனி வாதம், அதுக்கு சிவில் கோர்ட். ஒப்பந்தச் சட்டம் 16வது பிரிவ காமிக்க சொல்லுங்க, வயசாலயோ நோயாலயோ மனத்திறன் பாதிக்கப்பட்டவர் கிட்ட எழுதி வாங்கி, அது நியாயமில்லாததா தெரிஞ்சா, நான் செல்வாக்க தப்பா பயன்படுத்தலன்னு நிரூபிக்க வேண்டியது வாங்கினவர் தான். உங்களுக்கு தெரிஞ்ச நாள்ல இருந்து மூணு வருஷம் தான் கெடு, தள்ளிப் போடாதீங்க. பத்திரம் பதிஞ்ச தேதிக்கு முன்ன பின்ன இருக்கற ஆஸ்பத்திரி சீட்டு எல்லாத்தையும் இன்னிக்கே நகல் எடுங்க.

---

தாமிரபரணி_கரை

சரி சார், நான் சொன்ன வழி ஆபத்துன்னு புரியுது. வேற ஒண்ணு கேக்கணும். எங்க மாமா, 58 வயசு தான், சாந்தமான மனுஷன். இப்ப ஒரு வருஷமா கடையில பொருள எடுத்துட்டு காசு குடுக்காம நடந்து வந்துடுறாரு, கேட்டா சிரிக்கிறாரு. ஒரு கடைக்காரர் போலீஸ்ல சொல்லிட்டாரு. ஸ்கேன் பாத்து முன்மூளை டிமென்ஷியான்னு சொல்லிருக்காங்க. கேஸ் ஆனா என்ன?

---

செவிலி_அக்கா

தம்பி, அது ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா. இதுல ஞாபகம் ஓரளவு நல்லா இருக்கும், குணம் தான் மாறும். கூச்சம், அடக்கம், இது பண்ணக்கூடாதுங்கற கட்டுப்பாடு போயிடும். 60 வயசுக்கு முன்னாடியே கூட வரும், அதனால வீட்லயே திமிருன்னு நெனச்சுக்குவாங்க. ஸ்டேஷனுக்கு போறப்ப டாக்டர் லெட்டரும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் கையில இருக்கட்டும். கடைக்காரர நேர்ல பாத்து காச குடுத்து விளக்கி சொல்லுங்க, பெரும்பாலும் ஜனங்க புரிஞ்சுக்கறாங்க.

---

கும்பகோணம்_வக்கீல்

பாரதிய நியாய சன்ஹிதா 22வது பிரிவு (பழைய ஐபிசி 84), மனநிலை பாதிப்பால தான் செய்யறது என்னன்னோ, அது தப்புன்னோ தெரியாத நிலையில செஞ்சா குற்றமில்ல. மாமா மாதிரி ஆளுங்களுக்கு சிக்கல் அங்க தான், தப்பான்னு கேட்டா தப்புன்னு வாயால சொல்லிடுவாரு, ஆனா கைய அடக்க முடியாது. சட்டம் தெரியுதான்னு தான் கேக்குது, அடக்க முடியுதான்னு கேக்கல. வழக்க புரிஞ்சு பதில் சொல்ற நிலை இருக்கான்னு விசாரிக்க நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (பழைய சிஆர்பிசிக்கு பதிலா வந்த குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) 367வது பிரிவுல மாஜிஸ்ட்ரேட் கிட்ட முதல் நாளே மனு போடுங்க. வக்கீல் வைக்க முடியலன்னா இலவச சட்ட உதவி 15100.

---

மதுரைப்பொண்ணு

தம்பிக்கு இந்த இழை முழுசும் அனுப்பினேன். நேத்து ராத்திரி பேசினோம். சுருக்குப்பை அம்மாவ படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அஃபிடவிட் குடுக்கறேன்கா, ஆனா காப்பாளரா ரெண்டு பேர் பேரையும் போடுவோம், பேங்க் கணக்க நானும் பாக்கணும்னான். நியாயம் தான, நான் சரின்னுட்டேன். திங்கக்கிழமை மாவட்ட நீதிமன்றத்துல வக்கீல பாக்கறோம், 14வது பிரிவுல மனு.

சார், ஒரு சந்தேகம், நீதிபதி அம்மாவ நேர்ல கூட்டிட்டு வர சொல்வாங்களா? கூட்டம் பாத்தா பயந்துடுவாங்க.

---

கும்பகோணம்_வக்கீல்

பாக்கணும்னு சொல்லலாம். சேம்பர்ல வச்சு பாக்கணும், இல்லன்னா வீட்டுக்கு ஒரு அட்வகேட் கமிஷனர (கோர்ட் சார்புல வந்து பாக்கற வக்கீல்) அனுப்பணும், இல்ல வீடியோல பாக்கணும்னு மனுவோடயே சேத்து கேளுங்க, டாக்டர் கிட்ட ஒரு லெட்டர் வாங்கி வைங்க. ரெண்டு பேரையும் சேத்து போடுறது நல்ல யோசன.

---

செவிலி_அக்கா

காலைல பத்து மணி வாக்குல நேரம் கேளுங்கம்மா. அவங்களுக்கு பழக்கமான சேலை கட்டிவிடுங்க, பகல்ல பாத்துக்கற அந்த பொண்ணும் கூட இருக்கட்டும். வயல பத்தி பேசினா பேசட்டும், தடுக்காதீங்க.